கறுப்பிக்கு விழுந்த சீட்டு

நெய்வேலி டவுன்ஷிப்பில் அன்புக்கரசியின் முகத்தைத் தெரியாதவர்கள் இருக்கலாம். அவள் குரலைத் தெரியாதவர்கள் அந்த பிளாக்கில் ஒருத்தர்கூடக் கிடையாது. விடிந்தும் விடியாததுமாக "பா... பா... பா..." என்று கோழிகளுக்கு நொய் இறைப்பாள் பாருங்கள், ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் போகிற ஆம்பளைகள் யாரும் அலாரம் வைத்துக்கொண்டதே இல்லை. ஒரு வாதத்தில் இறங்கினால் ஜெயிக்காமல் விடமாட்டாள். தோற்றாலும் விடமாட்டாள், அது வேறு விஷயம்.

கம்மாபுரம் பக்கத்துக் கிராமத்துப் பெண். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து குவார்ட்டர்ஸ் வாசம்தான். புருஷன் செங்குட்டுவன் மைன்ஸில் கன்வேயர் பெல்ட் மெக்கானிக், பர்மனென்ட். அந்த மனுஷனுக்கு உலகத்தில் இரண்டே ஆசை, புத்தகமும் தூக்கமும். டவுன்ஷிப்பில் வருஷா வருஷம் புத்தகக் கண்காட்சி போட்டால் ஒரு பை நிறைய வாங்கிவந்து, ஷிஃப்ட் முடிந்ததும் நாலு பக்கம் படித்துவிட்டு அதை நெஞ்சின் மேல் கவிழ்த்துக்கொண்டு குறட்டை விடுவார். ஒரே மகன் இளம்பரிதி கோயம்புத்தூருக்குப் படிக்கப் போய்விட்டான். அதற்கப்புறம் வீட்டில் பேச ஆளில்லாமல் அவள் கோழிகளோடு பேச ஆரம்பித்தாள். கோழிகளும் பதில் சொல்லும். என்ன ஒன்று, எல்லாம் சேர்ந்தாற்போல் சொல்லும்.

கதைக்குள் போவதற்கு முன்னால் ஒரு பலா மரத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தானே புயல் அடித்ததே, அன்றைக்கு அந்த வரிசையில் நின்ற பலா மரம் அத்தனையும் வேரோடு சாய்ந்தது. நாலு வீட்டுக்கும் நடுவில் நின்ற ஒன்றே ஒன்றுதான் தப்பித்தது. அன்புக்கரசி, அடுத்த வீட்டுப் பட்டம்மாள், பின்னால் குடியிருந்த ஆதிலட்சுமி, தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த பேச்சியம்மாள், இந்த நாலு பேருக்கும் அது பொது மரம் ஆனது. முதல் வருஷம் காய் யாருக்கு என்று குடுமிப்பிடிச் சண்டை. அடுத்த வருஷம் பேச்சியம்மாள்தான் வழி கண்டுபிடித்தாள். ஒவ்வொரு காயிலும் சுண்ணாம்பால் ஒரு அடையாளம், அதே அடையாளம் போட்ட துண்டுச் சீட்டுகள் ஒரு சொம்புக்குள். குலுக்கி எடுத்தால் யாருக்கு எந்தக் காய் வருகிறதோ அது அவர்களுக்கு. சொத்தைக் காய் வந்தாலும் வாயைத் திறக்கக் கூடாது. "விழுந்தது விழுந்ததுதான்" என்பது அந்தச் சொம்பின் சட்டம். இரண்டாவது குலுக்கல் என்ற பேச்சே அங்கே கிடையாது.

நாலு வீட்டிலும் கோழி உண்டு. சித்திரை வெயில் ஏறினால் நாலு வீட்டுக் கோழிக்கும் கழிச்சல் உண்டு. இன்றைக்கு இறக்கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு தூங்கி வழியும், வெள்ளையும் பச்சையுமாகக் கழியும், நாளைக்குக் காலையில் விறைத்துக் கிடக்கும். ஒரு வீட்டில் ஆரம்பித்தால் நாலு கூட்டையும் காலி பண்ணிவிட்டுத்தான் போகும்.

இதற்கு முடிவு கட்டுகிறேன் என்று கிளம்பினாள் அன்புக்கரசி. குள்ளஞ்சாவடிக்குப் போகிற பஸ்ஸில் யாரோ சொல்லக் கேட்டு, கால்நடை மருந்தகத்தில் வேலை பார்த்த பழனிவேலைத் தேடிப் பிடித்தாள். அவர் நல்ல மனுஷன். கண்ணில் விடுகிற சொட்டு மருந்தை ஐஸ் பெட்டியில் வைத்து, "ஐஸை விட்டு எடுக்காதீங்க. கலக்கின கையோட கண்ணுல ஒரு சொட்டு விட்டுடுங்க" என்று படித்துப் படித்துச் சொல்லித்தான் கொடுத்தார்.

அவள் வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தாள். தை மாசக் குளிர். மருந்து பாட்டில் தொட்டால் விரல் மரத்துப்போகிற ஜில்லிப்பு. எதிரே பஞ்சு மாதிரிக் குஞ்சுகள். அவளுக்கு மனசு கேட்கவில்லை. "ஃபிரிட்ஜ் தண்ணி குடிச்சா நமக்கே தொண்டை கட்டிக்குது. இத்தினியூண்டு கண்ணுல இதை ஊத்தினா சளி புடிச்சுக்காதா?" என்று பாட்டிலைத் தூக்கி வெந்நீர் டம்ளருக்குள் உட்கார வைத்தாள். இளம்பரிதி கைக்குழந்தையாக இருந்தபோது பாலைப் பதம் பண்ணினாளே, அதே பதம். புறங்கையில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்த்துவிட்டு, நாலு வீட்டுக் கோழிக்கும் தன் கையாலேயே ஊற்றினாள். அன்றைக்கு அவள் நடந்த நடை இருக்கிறதே, பெரிய டாக்டரம்மா தோற்றாள்!

சித்திரையில் கழிச்சல் வந்தது. நாலு கூட்டையும் துடைத்துப் போட்டதுபோல் காலி பண்ணிவிட்டுப் போனது.

"மருந்தாடி ஊத்தினே? எமனுக்கு வெத்தலை பாக்கு வெச்சு அழைச்சுகினு வந்திருக்கே!" என்று பட்டம்மாள் தெருவுக்கே கேட்கிற மாதிரிக் கத்தினாள்.

அழுத முகத்தோடு அன்புக்கரசி பழனிவேலிடம் ஓடினாள். "ஐஸ்லதானே வெச்சிருந்தீங்க?" என்று அவர் கேட்க, "அதெப்படிங்க, குளிரு தாங்காதேன்னு சுடுதண்ணில வெச்சுப் பதமாத்தான்..." என்று இவள் சொல்ல, மனுஷன் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "அக்கா, அந்த மருந்துல இருக்கறது உசுருள்ள கிருமி. கோழியைக் கொல்லாத கிருமி, அதோட பழகிட்டா பெரிய நோயைக் கோழி தாங்கிக்கும். நீங்க அதை வெந்நீர்ல குளிப்பாட்டி மேலோகத்துக்கு அனுப்பிட்டீங்க."

அவள் மறைக்கவில்லை. நேரே வந்து மூன்று வீட்டிலும் நின்று, தப்பு மருந்துமேல் இல்லை, என் மேல்தான் என்று சொன்னாள். பேச்சியம்மாள் விழுந்து விழுந்து சிரித்தாள். ஆதிலட்சுமி பெருமூச்சு விட்டாள். பட்டம்மாள் மட்டும் நம்பவில்லை. சேத்தியாத்தோப்புப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண் அவள். தங்கத்தையே கடித்துப் பார்த்துத்தான் வாங்குவாள். "ஆங், இப்போ சுடுதண்ணி மேல பழியைப் போடு" என்றாள்.

அன்றிலிருந்து அன்புக்கரசி எதைப் பற்றி வாயைத் திறந்தாலும், மழை வரும் என்று சொன்னால்கூட, யாராவது ஒருத்தி "சுடுதண்ணி வேணுமா அன்பு?" என்று கேட்பாள். சிரிப்புத்தான். ஆனால் அவளுக்கு அது நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. கோழி போனால் வாங்கிக்கொள்ளலாம். பேசியே வாழ்ந்தவளுக்குத் தன் பேச்சுக்கு நாலு வீட்டில் மதிப்பில்லாமல் போனதைத் தாங்க முடியவில்லை. அதை எப்படியாவது மீட்டுவிட வேண்டும் என்று கங்கணம் கட்டிக்கொண்டாள்.

மறு வருஷம் யாரும் அவளை நம்பிக் கோழி தரவில்லை. தன் கோழிகளுக்கு மட்டும், இந்தத் தடவை சொட்டு மருந்துக்குப் பதிலாக ஊசி போடச் சொன்னாள். பழனிவேல் ஐஸ் பெட்டியும் கையுமாக விடியற்காலையில் வந்து, கூட்டில் அடைந்திருந்ததையெல்லாம் பிடித்து இறக்கைக்கு அடியில் ஊசி போட்டார். மரத்தில் அடைகிற ரவுடிகள் கையில் சிக்கவில்லை. சித்திரையில் கழிச்சல் வந்தபோது ஊசி போட்டதெல்லாம் தெம்பாகத் திரிந்தது. மரத்துக் கோழிகள் பொத்துப் பொத்தென்று விழுந்தன.

அன்புக்கரசியைக் கையில் பிடிக்க முடியவில்லை. "பாத்தியா யக்கா? இப்போ இன்னா சொல்றே?" என்று பட்டம்மாள் வாசலில் போய் நின்றாள்.

பட்டம்மாள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலேயே கேட்டாள். "பொழச்சது எது? பொழுது சாய்ஞ்சா ஒழுங்கா வூட்டுக்கு வர்ற கோழி. செத்தது எது? கண்ட குப்பையைக் கிளறித் தின்னுட்டு, பனியில மரத்துல கெடக்கற கோழி. இதுல ஊசி காப்பாத்துச்சா, கூடு காப்பாத்துச்சா? அதைச் சொல்லு மொதல்ல."

அன்புக்கரசிக்கு வாய் அடைத்துப்போனது. அப்படி ஒரு காட்சியை அந்த பிளாக் பார்த்ததே இல்லை.

மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து புருஷனிடம் கொட்டினாள். செங்குட்டுவன் கேட்டார், கேட்டார், திடீரென்று துள்ளி எழுந்தார். நெஞ்சின் மேல் கிடந்த புத்தகம் கீழே விழுந்தது. தடுப்பூசி வந்த கதையைச் சொல்கிற புத்தகம், அந்த வருஷக் கண்காட்சியில் வாங்கியது.

"அன்பு! பட்டம்மாக்கா கேட்டது சாதாரணக் கேள்வி இல்லடி! நூறு வருஷத்துக்கு முன்னாடி இங்கிலாந்துல இதே கேள்வியைக் கேட்டிருக்காங்க. பட்டாளத்துல டைபாய்டுக்கு ஊசி போட்டாங்க. பிரியப்பட்டவனுக்கு மட்டும். போட்டுக்கிட்டவங்கள்ல கம்மியாத்தான் செத்தாங்க. உடனே டாக்டருங்க ஜெயிச்சுட்டோம்னு குதிச்சாங்க. பியர்சன்னு ஒரு கணக்கு வாத்தியாரு, இருங்க இருங்க, தானா வந்து ஊசி போட்டுக்கறவன் இயல்பாவே உடம்பைப் பாத்துக்கறவனா இருப்பான், அவனை ஊசி காப்பாத்துச்சா, அவன் ஜாக்கிரதை காப்பாத்துச்சான்னு கேட்டுட்டாரு. முன்வர்றவங்களையே ஒருத்தர் விட்டு ஒருத்தருக்குப் போட்டுப் பாத்துட்டு வாங்கன்னாரு!"

"அப்போ அவளுக்குக் கணக்கு வாத்தியார் பட்டம் குடுத்துட்டீங்க. போய் மாலையும் போட்டுட்டு வாங்க" என்று இவள் எரிந்து விழுந்தாள்.

அவர் நிறுத்தவில்லை. "ஆய்வுக்கூடத்துல செஞ்ச தடுப்பு மருந்தை மொதல் மொதல்ல சோதிச்சதே எதுமேலங்கற? கோழிமேலதான்! பாஸ்டர்னு பிரான்ஸ்காரரு. அப்புறம் ஆட்டு மந்தையைப் பாதிப்பாதியாப் பிரிச்சு, ஒரு பாதிக்கு ஊசி, ஒரு பாதிக்கு இல்ல, ரெண்டுக்கும் நோயைக் குடுத்து, ஊரைக் கூட்டி வெச்சுக் காட்டினாரு. நம்ம கல்கத்தாவுலயே ஹாஃப்கின்னு ஒருத்தரு காலரா ஊசி போட்டப்போ, ஒரே வூட்டுல போட்டுக்கிட்டவங்களையும் போட்டுக்காதவங்களையும் வெச்சுத்தான் ஒப்பிட்டுப் பாத்தாரு. ஒரே தண்ணி, ஒரே சோறு. அப்போதானே ஊசி மட்டும் வித்தியாசம்?"

அவள் அன்று முழுக்கக் கோழிகளோடுகூடப் பேசாமல் யோசித்தாள். மறுநாள் போய்ப் பட்டம்மாளிடம், "வர்ற தையில நாலு வூட்டுக் கோழியிலயும் பாதிக்கு ஊசி, பாதிக்கு இல்ல. எல்லாம் ஒரே எரை, ஒரே கூடு. அப்போ ஒத்துக்குவியா?" என்று கேட்டாள்.

"யாரு பிரிக்கறது? நீ பிரிச்சா நோஞ்சானையெல்லாம் ஊசி இல்லாத பக்கம் தள்ளுவே."

"நீ பிரி."

"நான் பிரிச்சா நான் தள்ளுவேன்!" என்றாள் பட்டம்மாள், கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் இரண்டு பேர் கண்ணும் தானாகப் பலா மரத்துப் பக்கம் போனது. பேச்சியம்மாளிடமிருந்து சொம்பு வந்தது.

நடுவில் ஒரு ஐப்பசி அடைமழையில், ஒரு பெட்டைக் கோழியைக் கீரி அடித்துவிட்டது. அதன் குஞ்சுகளில் மிஞ்சியது ஒன்றே ஒன்று, மைக்கறுப்பு. அன்புக்கரசி அதைச் சமையல்கட்டில் கூடைக்குள் பல்பு எரியவிட்டு வளர்த்தாள். கறுப்பி என்று பேர் வைத்தாள். அது அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டே சுற்றியது. சாப்பிட உட்கார்ந்தால் மடியில் ஏறும், கோயம்புத்தூரிலிருந்து போன் வந்தால் தோளில் ஏறிக்கொண்டு மகன் குரலைக் கேட்கும். செங்குட்டுவனிடம் சொல்லாத கதையெல்லாம் அதனிடம் சொன்னாள். கோழிதானே என்று நீங்கள் நினைக்கலாம். அவளிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள், தெரியும்.

தை வந்தது. "போன தடவை ஊசி போட்டதும், நோய் வந்து பொழச்சதும் கணக்குல வேணாம். அதுங்களுக்கு ஏற்கனவே தெம்பு வந்திருக்கும். புதுசு மட்டும் வெச்சுக்குங்க" என்று பழனிவேல் சொல்லிவிட்டார். "புதுசுன்னா எல்லாப் புதுசும்" என்றாள் பட்டம்மாள். "புடிச்சது புடிக்காததுன்னு ஒண்ணையும் ஒதுக்கக் கூடாது." அன்புக்கரசி சரியென்று தலையாட்டினாள். வாக்குக் கொடுத்தபோது கறுப்பி அவள் காலடியில்தான் நின்றது.

நாலு வீட்டுக் கோழியும் மரத்தடிக்கு வந்தது. சொம்புக்குள் பாதிச் சீட்டில் 'ஊசி', பாதியில் 'சும்மா'. ஒவ்வொரு கோழியாகப் பிடித்து நிறுத்த, பட்டம்மாள் கையை விட்டு ஒரு சீட்டு எடுப்பாள். ஊசிக்குக் காலில் சிவப்பு நூல், சும்மாவுக்கு வெள்ளை நூல். "ஊசி போட்டது பர்மனென்ட், போடாதது கான்ட்ராக்ட்" என்று பேர் வைத்தாள் ஆதிலட்சுமி. அவள் புருஷன் பல வருஷமாகக் கான்ட்ராக்டில் ஓடுகிறவர். "கான்ட்ராக்டுன்னாலே காப்பு கெடையாதுடி, தெரியாதா?" என்று அவளே சொல்லிச் சிரித்தாள். எல்லாரும் சிரித்தார்கள்.

கறுப்பியின் முறை வந்தது. பட்டம்மாள் சீட்டைப் பிரித்தாள். படிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள். பேச்சியம்மாள் எட்டிப் பார்த்து, "சும்மா" என்றாள் மெதுவாக.

அன்புக்கரசி கறுப்பியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தாள். அவளோடு இத்தனை வருஷம் மல்லுக்கு நின்ற பட்டம்மாள்தான் முதலில் பேசினாள்.

"அன்பு... வேணும்னா இதுக்கு மட்டும் இன்னொரு தடவை குலுக்கிக்கலாம். யாரும் ஒண்ணும் சொல்லமாட்டோம்."

"பலாக்காய்க்கு உண்டா ரெண்டாவது குலுக்கல்?" என்று கேட்டாள் அன்புக்கரசி. வெள்ளை நூலைத் தானே வாங்கிக் கறுப்பியின் காலில் கட்டினாள்.

எல்லாம் முடிந்து பழனிவேல் கிளம்பினார். கேட் வரைக்கும் வந்தவளிடம் குரலைத் தாழ்த்தி, "யக்கா, பாட்டில்ல மருந்து மிச்சம் இருக்கு. எப்படியும் கொட்டத்தான் போறேன். அந்தக் கறுப்புக் கோழியைக் கொண்டாங்க, யாருக்குத் தெரியப்போவுது?" என்றார்.

அவள் திரும்பிப் பார்த்தாள். மரத்தடியில் யாருமில்லை. கறுப்பி துளசிச் செடிக்குக் கீழே புழுதியில் குளித்துக்கொண்டிருந்தது. ஓடிப்போய்த் தூக்கினால் ஒரு நிமிஷ வேலை. கால் இரண்டடி எடுத்து வைத்தும்விட்டது, பொய் சொல்வானேன்.

"வேணாம் தம்பி" என்றாள். "சுடுதண்ணிக் கதைக்கப்புறம் ஒருத்தியும் என்னை நம்பல. இதையும் நான் கெடுத்தேன்னா, அப்புறம் நானே என்னை நம்பமாட்டேன். போய்ட்டு வாங்க." அவர் போனதும் புழுதியோடு கறுப்பியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அந்த வருஷம் கழிச்சல் வரவே கூடாது என்று அவளைவிட உருகி வேண்டிக்கொண்டவள் அந்த பிளாக்கிலேயே இருந்திருக்கமாட்டாள். வராவிட்டால் எதையும் நிரூபிக்க முடியாது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் வேண்டிக்கொண்டாள். பங்குனியில் கறுப்பி முட்டை வைக்க ஆரம்பித்தது. கன்னி முட்டை, சின்னச் சின்னதாக. "என் செவலை அடைக்கு உக்காந்திருக்கு, அதுக்கு அடியில வெக்க நாலு குடு" என்று பட்டம்மாள் வாங்கிப்போனாள்.

சித்திரையில் வந்தேவிட்டது. முதலில் பேச்சியம்மாள் வீட்டு வெள்ளை நூல். அப்புறம் ஆதிலட்சுமி வீட்டு வெள்ளை நூல் இரண்டு. பட்டம்மாள் வீட்டிலும் வெள்ளை நூல்தான். ஒரு மத்தியானம் கறுப்பி நொய்யைத் தொடவில்லை. இறக்கையைத் தொங்கவிட்டுக்கொண்டு மடியில் வந்து உட்கார்ந்தது. அன்புக்கரசி அதற்கு ஒரு கதையும் சொல்லவில்லை, தடவிக்கொடுத்துக்கொண்டே இருந்தாள். மறுநாள் சாயங்காலம் அது அவள் மடியிலேயே போய்விட்டது.

அழுதாள். வாய்விட்டே அழுதாள். பட்டம்மாள் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, தேற்றத் தெரியாமல் கொஞ்ச நேரம் முதுகைத் தட்டினாள். "முட்டை என்கிட்ட பத்திரமா இருக்குடி" என்றாள். "நாலுல ஒண்ணுல குஞ்சு உள்ளேர்ந்து ஓட்டைக் கீறிடுச்சு."

நோய் ஓய்ந்ததும் முடிவைச் சொன்னது அன்புக்கரசி இல்லை. பட்டம்மாளே நாலு வீட்டுக் கூட்டையும் சுற்றிப் பார்த்துவிட்டு மரத்தடியில் நின்று சொன்னாள். "செவப்பு நூல்ல ஒண்ணே ஒண்ணு போச்சு. வெள்ளையில ரெண்டுதான் மிச்சம். ஒரே எரை, ஒரே கூடு, பிரிச்சது சொம்பு. இதுல கேக்கறதுக்கு என்கிட்ட ஒண்ணும் இல்ல. அன்பு சொன்னது வாஸ்தவம்." செங்குட்டுவன் வாசலில் நின்று கை தட்டினார். இவள் முறைத்த முறைப்பில் தட்டுவதை நிறுத்திக்கொண்டார்.

அடுத்த தையில் பழனிவேல் வந்தபோது எதிர் வரிசையிலிருந்தெல்லாம் பெண்கள் கோழியும் கையுமாக நின்றார்கள். ஆதிலட்சுமி பழக்க தோஷத்தில் சொம்போடு வந்து, "குலுக்கணுமா?" என்று கேட்டாள்.

அன்புக்கரசி அந்தச் சொம்பை வாங்கி, அதில் தண்ணீர் மொண்டு கோழிகளுக்கு வைத்தாள். "தெரியாதப்போ குலுக்கினோம். இப்போதான் தெரிஞ்சுபோச்சே. தெரிஞ்சப்புறம் எவளாவது குலுக்குவாளா?"

அதற்குள் வரிசையை இடித்துத் தள்ளிக்கொண்டு பட்டம்மாள் வந்தாள். கக்கத்தில் ஒரு பெட்டைக் கோழி, மைக்கறுப்பு. "நவுருங்கடி. இது கறுப்பி மவ. மொதல் ஊசி இதுக்குத்தான். இன்னாடி அன்பு, மருந்து ஜில்லுனு இருக்குதா? சுடுதண்ணி கிடுதண்ணி காட்டலையே?"

மரத்தடி முழுக்கச் சிரிப்பு. அன்புக்கரசியும் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். அந்தக் கோழியின் இறக்கையை விரித்துப் பிடித்தாள். பழனிவேல் ஊசியைப் போட்டார்.